'ஸமத்' என்ற சொல்லின் வேரைத் தேடி

தாசில்தார், மகசூல். இரண்டும் நமக்கு நன்றாகப் பழகிய சொற்கள். ஒன்று அரசு அலுவலகத்தில் புழங்குவது, மற்றொன்று வயலில். இரண்டும் ஒரே அரபு வேரிலிருந்து பிறந்தவை. ஹ-ஸ-ல என்ற மூன்று மெய்கள்தான் அந்த வேர். அதன் அடிப்படைப் பொருள் 'கைக்கு வந்து சேர்தல்'. 'மஹ்ஸூல்' என்றால் வந்து சேர்ந்தது, அதாவது விளைச்சல். 'தஹ்ஸீல்' என்றால் வந்து சேரும்படி செய்வது, அதாவது வரி திரட்டுவது. அதோடு 'தார்' என்ற பாரசீக விகுதி ஒட்டிக்கொண்டதால் தாசில்தார் ஆயிற்று.

அரபியில் பெரும்பாலான சொற்கள் இப்படித்தான் உண்டாகின்றன. தமிழில் பகுதி அப்படியே நிற்க, விகுதிகள் பின்னால் வந்து சேரும். நட, நடந்தான், நடத்தை, நடப்பு. அரபியிலோ மெய்கள் மட்டும் நிலையாக நிற்க, நடுவில் உள்ள உயிர்கள் மாறும், முன்னால் ஒரு அசை சேரும். க-த-ப என்பது எழுத்துத் தொடர்பான வேர். கிதாப் (நூல்), காதிப் (எழுதுபவர்), மக்தூப் (எழுதப்பட்டது), மக்தப் (எழுதும் இடம், தமிழ் முஸ்லிம் ஊர்களில் குழந்தைகள் குர்ஆன் ஓதப் படிக்கும் பள்ளி) எல்லாமே அதிலிருந்து வந்தவை. 'மக்தூப்', 'மஹ்ஸூல்' இரண்டின் ஓசை அமைப்பும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். அந்த அமைப்புக்குச் 'செய்யப்பட்டது' என்ற பொருள் உண்டு. வேர் தெரிந்து, அமைப்பும் தெரிந்தால், முன்பின் பார்த்திராத சொல்லையும் ஓரளவு ஊகித்துவிடலாம்.

ஹ-ஸ-ல, க-த-ப போன்றவை வசதியான வேர்கள். சொற்கள் ஏராளம், பொருளும் தெளிவு. எல்லா வேர்களும் அப்படி அமைவதில்லை. பழைய அரபியில் மிக அரிதாக வரும் வேர்களும் உண்டு. அவற்றின் பொருள் என்ன என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெரிய அறிஞர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஒன்றுதான் ஸாத்-மீம்-தால், அதாவது ஸ-ம-த.

இந்த வேர் குர்ஆனில் ஒரே ஒரு முறைதான் வருகிறது. ஆனால் அந்த ஓரிடம் முஸ்லிம்கள் அனைவருக்கும் மனப்பாடமான இடம். 112ஆம் அத்தியாயமான 'அல்இக்லாஸ்' நான்கே வசனங்கள் கொண்டது. அதன் இரண்டாவது வசனம் 'அல்லாஹுஸ் ஸமத்'. அப்துஸ் ஸமது என்ற பெயரும் இதிலிருந்துதான் வருகிறது: 'ஸமதின் அடியான்'. அப்துல் கரீம், அப்துல் காதர் என்று வரும்போது 'ல்' இருக்க, இங்கே ஏன் 'ஸ்' என்ற சந்தேகம் வரலாம். 'அல்' என்ற முன்னொட்டில் உள்ள லகரம் ஸகரத்துக்கு முன் நின்றால் தானும் ஸகரமாகிவிடும். அவ்வளவுதான். தமிழ்நாட்டில் பலரும் அப்துல் சமது என்றே எழுதுகிறார்கள், அது எழுத்துக்கூட்டிப் படித்த வடிவம்.

குர்ஆனில் ஒருமுறை மட்டுமே வந்தாலும், ஆரம்பகால இஸ்லாமிய உலகில் இந்தச் சொல் கண்ணில் படாமல் இருந்திருக்க முடியாது. கலீஃபா அப்துல் மலிக் ஜெருசலேமில் கட்டிய பாறைக் குவிமாடத்தின் உட்புறக் கல்வெட்டில் இந்த அத்தியாயம் முழுவதும் இருக்கிறது. அதில் குறிக்கப்பட்டுள்ள ஆண்டு ஹிஜ்ரி 72, அதாவது பொ.ஆ. 691-692. ஐந்தாண்டு கழித்து, ஹிஜ்ரி 77இல், அதே கலீஃபா உருவப்படமே இல்லாத, எழுத்து மட்டும் கொண்ட தங்கத் தீனாரை வெளியிட்டார். அதன் ஒரு பக்கத்தின் நடுவில் 'அல்லாஹு அஹத் அல்லாஹுஸ் ஸமத்' என்று தொடங்கும் வரிகள். அடுத்து வந்த வெள்ளித் திர்ஹமிலும் அவையே. அரசின் நாணயத்திலேயே பொறிக்கப்பட்ட சொல் இது. அப்படியிருந்தும் அதற்கு என்ன பொருள் என்பதில் விளக்கவுரையாளர்கள் ஒத்துப்போகவில்லை.

அதற்குப் போவதற்கு முன்னால், சமய நூல்களை ஒதுக்கிவைத்துவிட்டு, பாலைவன அரபியர் இந்த வேரை அன்றாடம் எப்படிப் புழங்கினார்கள் என்று பார்ப்போம். அரிய சொல்லுக்கு இதுதான் நல்ல வழி என்பது என் எண்ணம். பெரிய பொருளில் தொடங்கினால் கால் தரையில் படாது.

'ஸம்த்' என்றால் மேடான, இறுகிய நிலம். 'ஸம்தா' என்றால் தரைமட்டத்தில் பதிந்து அசையாமல் கிடக்கும் பாறை. 'ஸிமாத்' என்றால் குப்பியின் வாயை அடைக்கும் மூடி. 'மிஸ்மாத்' என்று ஒரு வகைப் பெண் ஒட்டகத்துக்குப் பெயர். குளிரிலும் வறட்சியிலும் மற்ற ஒட்டகங்கள் பால் வற்றி நிற்க, இது மட்டும் தொடர்ந்து கறந்துகொண்டிருக்கும். இந்த நான்கிலும் ஒரு கெட்டித்தன்மை இருக்கிறது. நிலத்திலோ, கல்லிலோ, அடைப்பிலோ, ஒட்டகத்தின் உடம்பிலோ.

அப்புறம் வினைச்சொல் ஒன்று: 'ஸமத'. இதற்குப் பொருள் 'ஒன்றை நோக்கி நேராகப் போதல், நாடுதல்'. நபியின் காலத்தில் நடந்த பத்ருப் போரில் எதிரணித் தலைவன் அபூஜஹ்லைத் தேடிப் போன இளைஞர் ஒருவர், அவனை நோக்கிச் சென்றதைச் சொல்ல இந்த வினையைத்தான் கையாள்கிறார். தொழுகை பற்றிய ஒரு ஹதீஸிலும் (நபியின் சொல், செயல் பற்றிய அறிவிப்பு) இது வருகிறது. நபி ஒரு கம்பத்தையோ மரத்தையோ முன்னால் தடுப்பாக வைத்துத் தொழும்போது, அதைச் சற்று வலப்புறமோ இடப்புறமோ ஒதுக்கி வைத்துக்கொள்வார், அதற்கு நேர்முகமாக நிற்கமாட்டார் என்று சொல்லுமிடத்தில், 'நேர்முகமாக' என்பதற்கு இந்த வேர். இங்கே கெட்டித்தன்மை எதுவும் இல்லை. திசைதான் இருக்கிறது.

ஆக, ஒரு வேர், இரண்டு பொருள். இந்த இரண்டும் ஒரே கவிஞரின் ஒரே பாட்டில் வருவதுதான் அழகு. தரஃபா என்பவர் இஸ்லாத்துக்கு முந்திய ஆறாம் நூற்றாண்டுக் கவிஞர். புகழ்பெற்ற முஅல்லகாத் நெடும்பாடல்களில் ஒன்று அவருடையது. அதில் ஒரு பெரிய பகுதி தன் ஒட்டகத்தைப் பற்றிய வருணனை. அந்த ஒட்டகத்தின் இதயத்தைச் சொல்லும்போது, விரைந்து துடிப்பது, உருண்டு திரண்டது, 'முஸம்மத்' ஆன பாறைப் பலகைகளுக்கிடையே இருக்கும் உடைகல் போன்றது என்கிறார். இங்கே முஸம்மத் என்றால் கெட்டியான, இறுகிய. கொஞ்சம் தள்ளித் தன்னைப் பற்றிப் பெருமை பேசும் இடத்தில், குலத்தார் எல்லோரும் கூடினால் உயர்ந்த, 'முஸம்மத்' ஆன வீட்டின் உச்சியில் என்னைக் காண்பாய் என்கிறார். இங்கே முஸம்மத் என்றால் எல்லோரும் நாடி வருகிற. ஒரே சொல், ஒரே வடிவம், ஒரே பாட்டு. கேட்டவர்களுக்குக் குழப்பம் வந்திருக்காது, இடம் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பார்கள். நாம் 'கல்' என்பதைப் பாறையாகவும் 'கற்றுக்கொள்' என்ற பொருளிலும் இடம் பார்த்துப் புரிந்துகொள்வதில்லையா?

இந்த இரட்டைத்தன்மையை இலக்கண அறிஞர்கள் கவனிக்காமல் இல்லை. ஹிஜ்ரி 395இல் (பொ.ஆ. 1004) மறைந்த இப்னு ஃபாரிஸ் ஒரு வித்தியாசமான அகராதியைத் தொகுத்தவர். ஒவ்வொரு வேருக்கும் அடியில் இருக்கும் மூலக் கருத்து எது என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய நோக்கம். முடிந்தவரை எல்லாவற்றையும் ஒரே கருத்துக்குள் கொண்டுவரப் பார்ப்பார். ஆனால் ஸ-ம-த வேரில் அவர் எழுதுவது சுருக்கமாக இதுதான்: ஸாத், மீம், தால் இரண்டு மூலங்கள், ஒன்று நாடுதல், மற்றொன்று ஒரு பொருளில் இருக்கும் கடினம். ஒருமை தேடும் அறிஞரே இரண்டு என்று ஒப்புக்கொள்கிறார். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. இப்போதெல்லாம் அரபு வேர்ச்சொல் விளக்கம் என்று பகிரப்படும் பலவற்றில், ஒவ்வொரு வேருக்கும் ஒரே 'மறைபொருள்' இருக்கிறது, எல்லாச் சொற்களும் அதிலிருந்து ஊற்றெடுக்கின்றன என்ற தொனி இருக்கும். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். மொழி அப்படி ஒழுங்காக நடந்துகொள்வதில்லை.

சரி, இனி குர்ஆன் வசனத்துக்கு வருவோம். 'அல்லாஹுஸ் ஸமத்' என்பதில் உள்ள ஸமத் எந்த மூலத்தைச் சேர்ந்தது? நாடுதலா, கடினமா?

ஹிஜ்ரி 310இல் (பொ.ஆ. 923) மறைந்த தபரீ தம் பெரிய விரிவுரையில் முந்திய தலைமுறைகளின் கருத்துகளை வரிசையாகத் தருகிறார். முஜாஹித் போன்றோர் சொன்னது: 'உட்குடைவு இல்லாதவன்', அதாவது உள்ளே வெற்றிடம் இல்லாதவன். ஷஅபீ சொன்னது: 'உணவு உண்ணாதவன், பானம் அருந்தாதவன்'. இக்ரிமா சொன்னது: 'தன்னிலிருந்து எதுவும் வெளிவராதவன்'. வேறு சிலர், அடுத்த வசனமே இதற்கு விளக்கம், 'பெறாதவன், பெறப்படாதவன்' என்பதுதான் பொருள் என்றார்கள். அபூ வாஇல் சொன்னது: 'தலைமையில் முழுமை அடைந்த தலைவன்'. கதாதா சொன்னது: 'படைப்புகளெல்லாம் போனபின்பும் எஞ்சி நிற்பவன்'.

முதல் பார்வைக்கு இவை ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை போல் தெரியும். ஆனால் முதல் நான்கும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. வயிறு என்ற குடைவு இருப்பதால்தான் பசி. பசி இருப்பதால்தான் உண்பது. உடலில் குடைவு இருப்பதால்தான் ஒன்றை வெளியேற்றுவதும் பிள்ளை பெறுவதும். ஸஹீஹ் முஸ்லிம் என்ற தொகுப்பில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. முதல் மனிதர் ஆதமின் உருவம் செய்துவைக்கப்பட்டிருந்தபோது சாத்தானான இப்லீஸ் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அது உள்ளே குடைவாக இருப்பதைக் கண்டதும், இது தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத படைப்பு என்று புரிந்துகொண்டான். உட்குடைவுதான் மனிதனின் பலவீனம். அது இல்லாதவன் எதுவும் தேவைப்படாதவன். தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்புகளில் பரவலாக இடம்பெறும் 'தேவையற்றவன்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது இந்தச் சிந்தனைதான். தனியாகப் படித்தால் 'யாருக்கும் வேண்டாதவன்' என்று தவறாகக் கேட்டுவிடும் அபாயம் இருப்பதால், சில மொழிபெயர்ப்பாளர்கள் 'எவரிடத்தும்' என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிடுகிறார்கள்.

தபரீயின் தீர்ப்பு வேறு பக்கம் சாய்கிறது. அரபியரிடையே ஸமத் என்றால் தனக்கு மேல் ஒருவர் இல்லாத, எல்லோரும் நாடிச் செல்லும் தலைவர் என்றே வழக்கம். ஆகவே சொல்லின் பொருளாக அதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். சான்றாக ஒரு பழைய இரங்கற்பாவைக் காட்டுகிறார். அசத் குலத்தின் சிறந்த இருவரின் சாவுச் செய்தியோடு காலையிலேயே வந்துவிட்டான் தூதன். ஒருவர் அம்ரு இப்னு மஸ்ஊத், மற்றவர் 'ஸமத்' ஆன தலைவர். இங்கே ஸமத் என்பது ஒரு சாதாரண மனிதத் தலைவருக்கான அடைமொழி. பஞ்சம் வந்தாலும், பகை வந்தாலும், பிணைத்தொகை கட்ட வேண்டி வந்தாலும் குலத்தார் ஓடிச்சென்று நிற்கும் வாசல் அவருடையது. இப்னுல் அன்பாரீ என்ற மொழி அறிஞர், இந்தப் பொருளில் மொழியாளர்களிடையே கருத்து வேறுபாடே இல்லை என்றுகூடச் சொல்லிவிட்டார்.

எனக்கும் 'நாடப்படும் தலைவர்' என்ற பொருள்தான் வலுவாகத் தெரிகிறது, அதற்குப் பாட்டுச் சான்று இருப்பதால். ஆனால் 'உட்குடைவு இல்லாதவன்' என்ற விளக்கத்தைப் பிற்காலக் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. தரஃபாவின் பாறை, குப்பியின் மூடி, இறுகிய நிலம் எல்லாம் அதற்குத் துணை நிற்கின்றன. நபியின் தோழரான இப்னு அப்பாஸின் மாணவர்கள் சிலரே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த விளக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஹிஜ்ரி 276இல் மறைந்த இப்னு குதைபா ஒரு சுவையான யோசனை சொன்னார். முஜாஹித் ஸமதை விளக்கப் பயன்படுத்திய சொல் 'முஸ்மத்'. தமிழில் எழுதினால் வேறுபாடே தெரியாது, ஆனால் அதன் கடைசி எழுத்து தால் அல்ல, தா என்ற வேறு அரபு எழுத்து. ஸ-ம-(தா) என்ற வேருக்கு மௌனம் என்று பொருள். அதிலிருந்து வரும் முஸ்மத் என்றால் உள்ளே இடைவெளியின்றி நிரம்பியது. இந்த விளக்கப்படி பார்த்தால் தாவுக்குப் பதிலாகத் தால் வந்துவிட்டது போலிருக்கிறது என்றார் இப்னு குதைபா. பிற்கால அறிஞர் இப்னு தைமிய்யா இதை மறுத்தார். எழுத்து மாறவில்லை, இரண்டும் உறவுள்ள தனித்தனி வேர்கள் என்பது அவர் கட்சி.

இந்த உறவு விஷயம் கவனிக்கத் தக்கது. ஸ-ம-ம என்று இன்னொரு வேர் இருக்கிறது: 'அஸம்ம்' என்றால் செவிடர், கெட்டியான பாறைக்கும் அதே சொல், 'ஸிமாம்' என்றால் குப்பி மூடி, இன்றைய மருத்துவ அரபியில் இதய வால்வுக்கு 'ஸம்மாம்'. அடைபட்ட காது, அடைபட்ட வாய், அடைபட்ட குப்பி, அடைபட்ட உட்புறம். முதல் இரண்டு மெய்களான ஸ-ம மூன்று வேர்களுக்கும் பொது. மூன்று மெய் வேர்களுக்கு முன்னால் இரண்டு மெய் வேர்கள் இருந்திருக்கலாம் என்று மொழியியலாளர் சிலர் கருதுவது இந்த மாதிரிக் குடும்பங்களைப் பார்த்துத்தான். ஆனால் இதே இரண்டு மெய்களோடு தொடங்கி அடைப்புக்குச் சம்பந்தமே இல்லாத வேர்களும் உண்டு என்பதால், நான் இதை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்வேன்.

'உட்குடைவு இல்லாதவன்' என்ற பொருள் கடல் தாண்டிப் போய் ஒரு பேரரசையே கலக்கிய கதை ஒன்று உண்டு. கிறித்தவப் பைசாந்தியப் பேரரசின் கிரேக்கர்கள் குர்ஆனின் இந்த வசனத்தை மொழிபெயர்த்தபோது ஸமத் என்பதற்கு 'ஹோலோஸ்பூரோஸ்' என்று போட்டார்கள். அது உலோக வேலைச் சொல். சுத்தியலால் அடித்துச் செய்த, முழுக்கக் கெட்டியான பொருளுக்கு அந்தப் பெயர். உள்ளே அரக்கு வைத்த வளையலுக்கும் கெட்டி வளையலுக்கும் நம்மூர் நகைக்கடையில் இருக்கும் வேறுபாட்டை நினைத்துக்கொண்டால் போதும். கேட்ட கிறித்தவர்களுக்கு, முஸ்லிம்கள் ஏதோ உலோகக் கட்டியைக் கும்பிடுகிறார்கள் என்று தோன்றியது. இஸ்லாத்திலிருந்து கிறித்தவத்துக்கு மாறுவோர் ஓத வேண்டிய உறுதிமொழியில், இந்த ஹோலோஸ்பூரோஸ் கடவுளைச் சபிக்கும் ஒரு வாசகமும் சேர்ந்துவிட்டது.

1180இல், தன் ஆயுளின் கடைசி மாதங்களில், பேரரசர் முதலாம் மனுவேல் கொம்னெனோஸ் அந்த வாசகத்தை எடுத்துவிடச் சொன்னார். மாறுவதற்கு வருகிறவர்கள் கடவுளையே சபிக்கச் சொல்வதைக் கேட்டுத் தயங்குகிறார்கள் என்பது அவர் வாதம். மறைமுதல்வர் தியோடோசியோஸ் மறுத்தார். தெசலோனிக்காவின் பேராயர் யூஸ்தாத்தியோஸ் கடுங்கோபம் கொண்டார். பேரரசரும் விடவில்லை. இழுபறிக்குப் பிறகு ஒரு சமரசம் ஏற்பட்டது: ஹோலோஸ்பூரோஸ் கடவுள் பற்றிய வாசகம் நீங்கி, கண்டனம் நபியையும் அவர் போதனையையும் நோக்கித் திரும்பியது. அரபியில் விளக்கவுரையாளர்களுக்குள் இருந்த ஒரு சொல்லாராய்ச்சி, இன்னொரு மொழியில் அரண்மனைக்கும் தேவாலயத்துக்கும் இடையே சண்டையாகிவிட்டது. 'நாடப்படும் தலைவர்' என்ற பொருளை அந்த மொழிபெயர்ப்பாளர்கள் எடுத்திருந்தால் இவ்வளவு வினை வந்திருக்காது.

இனி அரபியின் சகோதர மொழிகள். எபிரேயத்தில் 'ஸெமெத்' என்றால் ஒரு நுகத்தில் பூட்டிய மாட்டு ஜோடி. பைபிளில் எலியா வந்து பார்க்கும்போது எலிசா பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்தான் என்று வருகிற இடத்தில் இருப்பது இந்தச் சொல். ஒரு ஜோடி மாடு உழும் நிலத்துக்கும் அதே பெயர். 'ஸாமீத்' என்றால் வளையல். எண்ணாகமத்தில் திறந்த பாத்திரத்தை மூடிக் கட்டும் மூடிக்கும் 'ஸாமீத்' என்றே பெயர். பழைய மெசபொத்தேமியாவின் அக்காதியத்தில் 'ஸமாது' என்றால் மாட்டைப் பூட்டுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது. சிரியக் கடற்கரையின் உகரித் நகரில் கிடைத்த களிமண் பலகைக் காவியத்தில், பாகால் தேவன் கடல் தேவனான யம்முவை அடித்து வீழ்த்தும் இரண்டு ஆயுதங்களுக்கு 'ஸ-ம-த' என்றே பெயர். இன்றைய துருக்கியிலுள்ள ஸிஞ்ஜிர்லியில் கிடைத்த, பொ.ஆ.மு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிலமுவா அரசனின் கல்வெட்டில் 'பாகால் ஸமத்' என்றே ஒரு தெய்வப் பெயர் வருகிறது.

இதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். குர்ஆனின் ஸமத், கல்வெட்டின் ஸமத், ஆகா, ஒன்றுதானே! அவசரப்படக் கூடாது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலும் சிக்கும் கண்ணி.

இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான செமித்திய மூலமொழியில் ஸாத் போன்ற கனத்த ஒலிகள் பல இருந்தன. அரபி அவற்றைத் தனித்தனியாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது: ஸாத் வேறு, ளாத் வேறு, ளா வேறு. எபிரேயத்திலும் அக்காதியத்திலும் இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்து ஒரே ஸகரமாகிவிட்டன. ஆகவே எபிரேயத்தில் ஸ-ம-த என்று பார்த்தால், அது அரபியில் ஸ-ம-த ஆகவும் இருக்கலாம், ள-ம-த ஆகவும் இருக்கலாம். எது என்று பொருளை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அரபியில் ள-ம-த என்றொரு வேர் இருக்கவே இருக்கிறது. 'ளிமாத்' என்றால் காயக்கட்டு. 'மிள்மதா' என்றால் இரண்டு மாடுகளின் கழுத்தில் வைக்கும் நுகத்தடி. அக்காதியத்தின் கட்டும், எபிரேயத்தின் நுகமும் இங்கே அப்படியே இருக்கின்றன. எத்தியோப்பியாவின் கீஸ் மொழியும் நுகத்துக்கு இதே வேரைத்தான், ளாதுக்கு இணையான எழுத்தோடு எழுதுகிறது. இன்றைய அம்ஹாரிக்கில் 'திமாத்' என்பது ஒரு ஜோடி மாடு ஒரு நாளில் உழும் நிலம், ஏறக்குறைய கால் ஹெக்டேர். ஆகவே எபிரேய ஸெமெத்தின் உண்மையான அரபு உறவு ஸமத் அல்ல, ளிமாத். 'பூட்டுதல், கட்டுதல்' என்பது ளாதின் சொத்து. 'கடினம், நாடுதல்' ஸாதின் சொத்து. எபிரேயத்தில் பாத்திர மூடிக்கும் ஸாமீத், அரபியில் குப்பி மூடிக்கு ஸிமாத் என்பது மட்டும் இரண்டுக்கும் நடுவில் நின்று கண் சிமிட்டுகிறது. ஒலி நெருக்கத்தால் இரண்டு வேர்களும் ஆங்காங்கே ஒன்றன் சொல்லை ஒன்று இரவல் வாங்கியிருக்கக் கூடும்.

ள-ம-த வேரைப் பற்றிப் பேசும்போது அபூ துஐப் என்ற ஹுதைல் குலக் கவிஞரின் வரியைச் சொல்லாமல் போக முடியாது. கணவனோ காதலனோ இருக்கும்போதே இன்னொருவனையும் சேர்த்துக்கொள்வதற்கு இந்த வேரிலிருந்து ஒரு வினை உண்டு; இருவரையும் ஒரே நுகத்தில் பூட்டுவது. அவர் தன் காதலியிடம் கேட்கிறார்: என்னையும் காலிதையும் சேர்த்துப் பூட்டப் பார்க்கிறாயா? ஒரு உறைக்குள் இரண்டு வாள் அடங்குமா? இந்த உறை, வாள் பேச்சு தமிழ் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாதது.

இடையில் ஒரு சின்ன விலகல். ளாத் எழுத்தை நான் ஏன் 'ள' என்று எழுதுகிறேன் என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். தமிழ் முஸ்லிம்களின் பழைய வழக்கு அது. ரமளான், ஒளு என்று எழுதும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வட இந்தியாவில் ரம்ஜான், அரபு நாடுகளில் ரமதான் என்று கேட்கும்போது, தமிழில் மட்டும் ளகரம் எங்கிருந்து வந்தது? எட்டாம் நூற்றாண்டு இலக்கண மேதை சீபவைஹி, ளாத் ஒலி நாக்கின் பக்கவாட்டு ஓரம் கடைவாய்ப் பற்களைத் தொடும் இடத்தில் பிறக்கிறது என்று எழுதிவைத்திருக்கிறார். பக்கவாட்டில் காற்று போகும் ஒலி என்றால் லகர, ளகரச் சாயல் வரும். ஸ்பெயினில் 'அல்காளீ' (நீதிபதி) என்ற சொல் 'அல்கால்தே' என்று லகரம் ஏறி நகரத்தலைவருக்கான பெயரானதும் அதனால்தான். ரமளானின் ளகரமும் அந்தப் பழைய ஒலிக்கு நெருக்கமானதே.

மீண்டும் ஸாதுக்கு வருவோம். இன்றைய அரபியில் இந்த வேர் அரிதானது அல்ல, தினசரிச் செய்தியில் வருகிறது. 'ஸமத' என்றால் இப்போது முதன்மையாகத் 'தாக்குப்பிடித்தான், அசையாமல் நின்றான்' என்று பொருள். அதன் பெயர்ச்சொல் 'ஸுமூத்'. 1967 போருக்குப் பிறகு பாலஸ்தீனர்கள், ஆக்கிரமிப்பின் கீழும் நிலத்தை விட்டுப் போகாமல் இருப்பதற்கு இந்தச் சொல்லைத் தங்கள் அரசியல் சொல்லாக்கிக்கொண்டார்கள். 1978இல் பாக்தாதில் நடந்த அரபு உச்சி மாநாட்டில் அதற்கென்று நிதி ஒதுக்கப்பட்டது. 2025இல் காசாவை நோக்கிக் கிளம்பிய படகுக் கூட்டத்தின் பெயரிலும் 'சுமூத்' இருந்ததால், தமிழ்ச் செய்தி வாசகர்களும் இதைப் பார்த்திருப்பார்கள்.

பழைய அகராதிகளில் 'நாடிச் செல்லுதல்' என்று இருந்தது எப்படி 'அசையாமல் நிற்றல்' ஆயிற்று? போகிறதும் நிற்கிறதும் எதிரெதிர் அல்லவா? 657இல் நடந்த ஸிஃப்பீன் போரில் கலீஃபா அலீ தம் படைக்குச் சொன்னதாக வரும் ஒரு வாசகம் இதற்கு வழி காட்டுகிறது: 'ஸம்தன் ஸம்தா, உண்மையின் தூண் உங்களுக்குத் தெளிவாகத் தெரியும்வரை'. இங்கே ஸம்தன் என்பதை 'குறியை நோக்கி நேராக' என்றும் எடுக்கலாம், 'உறுதியாக நில்லுங்கள்' என்றும் எடுக்கலாம். எதிரியை நேருக்கு நேர் நோக்கி நிற்பவன் இரண்டையும்தான் செய்கிறான். கூடவே கடினப் பொருளின் பாறையும், வறட்சியில் பால் வற்றாத மிஸ்மாத் ஒட்டகமும் அதே பக்கம் இழுத்திருக்க வேண்டும். இப்னு ஃபாரிஸ் பிரித்துவைத்த இரண்டு மூலங்களும் ஸுமூத் என்ற சொல்லில் வந்து கலந்துவிட்டன என்றே எனக்குப் படுகிறது.

இந்தச் சொல்லை இலக்கியத்திலும் அரசியலிலும் மட்டும் தேட வேண்டியதில்லை. சிரியா, லெபனான் பக்கத்துப் பேச்சு வழக்கில் 'ஸம்மத்' என்றால் காசு சேர்த்து வைத்தான் என்று பொருள். குப்பியை அடைத்தான் என்ற பழைய பொருள் பணத்துக்கும் வந்துவிட்டது. பாலஸ்தீனக் கல்யாணங்களில் மணப்பெண் அலங்காரத்தோடு மேடையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் சடங்குக்கு 'ஸம்தே' என்று பெயர். சுற்றி நின்று பாடுவார்கள், ஆடுவார்கள், அவள் மட்டும் எழுந்திருக்கக் கூடாது.